ரத்தான ரயில் பிந்துவதில்லை

சென்ற திங்கட்கிழமை காலை 6.42. மருதந்துறை நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது புதிய மின்பலகை. சிவப்பு எழுத்துகள் மூன்று மொழிகளில் மாறி மாறி ஓடின: ‘6.35 ரயில் பஸ், பொலன்னறுவை, உரிய நேரத்தில்.’ பலகைக்குக் கீழே தண்டவாளத்தின் நடுவில் ஒரு வெள்ளாடு நின்று பலா இலை தின்றுகொண்டிருந்தது.

“ரயில் எங்க?” என்று, ஒருகாலம் நான் இருந்த பதவியில் இப்போது இருக்கும் நிலைய அதிபரைக் கேட்டேன்.

“இன்னும் மட்டக்களப்பால வெளிக்கிடல்ல சேர்.”

“பலகை வேற சொல்லுது.”

“பலகை கொழும்பில இருந்து ஓடுது. ரயில்தான் இஞ்ச இருந்து ஓடணும்.”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, ரயில்வே ஊழியர் சங்க மலருக்கு என் சேவைக்கால அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார். “நல்ல விஷயமா எழுதுங்க சேர், மேலிடமும் வாசிக்கும்” என்றார். மேலிடம் வாசிக்கும் என்பதை நான் நம்பவில்லை. வாசித்தாலும் பாதகமில்லை என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

ரயில்வேக்கு வருமுன் இரண்டு வருடம் ஒரு கொழும்புத் தினசரிக்கு மட்டக்களப்பிலிருந்து செய்தி அனுப்பினேன். ‘பெருந்திரளான மக்கள்’ என்று எழுதினால் ‘எத்தனை பேர்?’ என்று செய்தி ஆசிரியரிடமிருந்து தந்தி வரும். ‘கோரமான விபத்து’ என்று எழுதினால் ‘கோரமான’ அச்சில் வராது. வேலை நிலைக்கவில்லை, பழக்கம் நிலைத்தது. பிறகு ரயில்வேப் பயிற்சி. மணி அடிக்கவும் கொடி காட்டவும் கைகாட்டி இறக்கவும் தொலைபேசியில் சிங்களத்தில் ஏச்சு வாங்கவும் கற்றுக்கொண்டேன். அடுத்த முப்பது சொச்சம் வருடங்களுக்கு இந்த நான்கும் போதுமாக இருந்தன.

எங்கள் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று விலத்திப் போகலாம். அடுத்த நிலையம் வரை போவதற்கு அனுமதி என்பது கையடக்கமான ஓர் உலோக வில்லை. டெப்லட் என்போம். அடுத்த நிலைய அதிபர் மணி அடித்துச் சம்மதித்தால்தான் என் அறையிலுள்ள சிவப்புப் பெட்டி அந்த வில்லையை வெளியே விடும். ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் வாய் திறக்கா. வில்லையைத் தோல்பையில் போட்டு, வளையத்தில் கொழுவி, சாரதியிடம் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் அவர் ஓர் அடி நகரக்கூடாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் மனிதர்களைக் கொஞ்சமும் நம்பவில்லை. அதனால்தான் அது இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது. மனிதர்களை நம்பிச் செய்த ஏற்பாடு ஒன்றும் எங்களிடம் உண்டு. அதற்குப் பெயர் நேரசூசி.

நேரசூசிப்படி, கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் விடியுமுன்னே மருதந்துறையைக் கடந்து போயிருக்க வேண்டும். அதன் பிறகு, ஆளரவமில்லாத பாதையில், ரயில் பஸ் எதிர்த்திசையில் பொலன்னறுவைக்குப் போகும். நடைமுறையில் இரவு ரயில் ஒருநாளும் விடியுமுன் வந்ததில்லை. ரயில் பஸ் மருதந்துறையில் வந்து பக்கப் பாதையில் ஒதுங்கி, இரவு ரயில் வரும்வரை காத்துக்கிடக்கும். இருபது நிமிடமும் கிடக்கும், ஒரு மணித்தியாலமும் கிடக்கும். பிந்திய ரயிலுக்கு முன்னுரிமை, நேரத்துக்கு வந்த ரயிலுக்குத் தண்டனை. பெரிய ரயிலில் பெரியவர்கள் வருவார்கள் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த ரயிலில் நான் கண்ட பெரியவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து நித்திரை.

இரவு ரயில் பிந்தினால் காரணம் சொல்ல வேண்டும். வெலிக்கந்தைப் பக்கம் யானை என்று சொல்வது வழக்கம். யானை உண்மையிலேயே நின்ற நாட்களும் உண்டு. ஆனால் இயந்திரம் பழுதான நாளும், சாரதி வேலைக்கு வராத நாளும், அதிகாரியின் மைத்துனரின் சாமான் ஏற்றத் தாமதித்த நாளும் யானையின் தலையில்தான் விழுந்தன. யானை விளக்கம் எழுதிக் கொடுக்காது என்பது மேலிடத்துக்குத் தெரியும்.

இந்த ஒழுங்குகளுக்கெல்லாம் எங்கள் பகுதியில் பொறுப்பாக இருந்தவர் அத்தியட்சகர். பெயர் வேண்டாம். மாதம் ஒருமுறை மருதந்துறைக்கு வருவார். வந்ததும் கைலேஞ்சியால் என் கதிரையைத் துடைப்பார். அது என் கதிரை, காலையில் நான் துடைத்த கதிரை. பிறகு அதைத் திருப்பிப்போட்டு, தண்டவாளத்துக்கு முதுகு காட்டி உட்காருவார். “ரயில் சத்தம் தலைக்குள்ள நிக்கும் மாஸ்டர், பார்த்தா இன்னும் கூடும்” என்பார். சீனியில்லாத தேநீர் வேண்டும், கருப்பட்டி தனியாக வேண்டும். தீயணைப்பு வாளிகளில் மணல் இருக்கிறதா, பூச்சாடிகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ‘பிந்தியது’ என்ற சொல் அவர் வாயில் வராது. “ஓட்டம் சற்று அயர்ந்திருக்கு” என்பார். வீட்டில் பிள்ளை இல்லாத அவர் பிள்ளையைப்போல் வளர்த்தது ஒன்றைத்தான். அது நேரந்தவறாமை விகிதம்.

அந்த விகிதம் கணக்கிடப்படும் முறையை விளங்காதவர் மேற்கொண்டு எதையும் விளங்கமாட்டார். கடைசி நிலையத்துக்கு உரிய நேரத்துக்குப் போன ரயில் நல்ல ரயில். பிந்திப் போன ரயில் கெட்ட ரயில். ரத்துச் செய்யப்பட்ட ரயில் இரண்டிலும் சேராது, அது ஓடவே இல்லை. ஓடாத ரயில் எப்படிப் பிந்தும்? ஆகவே ஒரு ரயில் மோசமாகப் பிந்தப்போகிறது என்று தெரிந்தால், அதைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. ரத்துச் செய்வது. அத்தியட்சகர் ‘ரத்து’ என்றும் சொல்லமாட்டார். “அதைக் கழிச்சுவிடுங்க மாஸ்டர்” என்பார், மாம்பழத்தில் அழுகிய பக்கத்தைக் கழிப்பதுபோல.

ரயில் பஸ் கழித்துவிடத் தோதானது. இரண்டு பழைய பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்து, ரயில் சில்லுப் பூட்டிய வண்டி அது. தொடக்க நாளில் பிரமுகர் ஒருவர் வரும்வரை அதை மாலையும் குங்குமமுமாக நிறுத்தி வைத்தார்கள். பயணிகள் வெயிலில் வெந்தார்கள். அது தாமதம் என்று எண்ணப்படவில்லை, வைபவம் என்று எண்ணப்பட்டது.

அதில் கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ரோசலின் அக்கா வருவார். தன்னாமுனைக்காரி. ஏறாவூரில் ஏறுவார். கணவர் யோசேப்பு அண்ணன் தச்சர். மனைவிக்குப் பின்னால் சுடுதண்ணீர்ப் போத்தலும் தலையணையும் சுமந்துகொண்டு, பேசாமல் வருவார். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மட்டக்களப்பில் முறை கிடைக்கும்வரை பொலன்னறுவையில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்தார். பத்து மணிக்கு மிஷினடியில் அவருக்குக் கதிரை. பத்தரைக்குள் ஆள் வராவிட்டால் அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள். மிஷின்கள் கொஞ்சம், ஆட்கள் மெத்த, அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறினால் அடுத்த முறை வரை உடம்பில் சேரும் தண்ணீரையும் நஞ்சையும் சுமந்துகொண்டிருக்க வேண்டும். முன்பு ஒருமுறை தவறி, மூச்சு முட்டி, வாகனத்தில் கிடத்திக் கொண்டுபோன கதையை அவரே எனக்குச் சொன்னார், யாரோ அயல்வீட்டுக்காரியின் கதைபோல.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்டேன்.

“பஸ்ஸில போறன் மாஸ்டர். ஓட்டமாவடி தாண்டவே சத்தி எடுப்பன். மறுகா காலை நீட்டேலாது, கால் வீங்கி இரிக்கு பாருங்க. கோச்சியில எண்டா நீட்டிக் கெடக்கலாம். இந்தாள்ற மடி இரிக்கு.”

யோசேப்பு அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இடது முழங்கைக்குக் கீழே, ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம் புடைத்திருக்கும். ஒருநாள் என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். உள்ளே கிறுகிறுவென்று ஏதோ ஓடியது.

“இதுவும் கோச்சிதான். இது மட்டும் நிக்கிறல்ல. நிண்டா உங்களுக்கு வேலை மிச்சம், எனக்காகக் காத்திரிக்கத் தேவல்ல.”

நான் சொல்ல வந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மாதக் கடைசி, விகிதக் கணக்கு முடியும் நாள். அத்தியட்சகர் முதல் நாளே வந்து ஏறாவூரில் தங்கி, காலையில் ரயில் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கதிரையைத் துடைத்தார், திருப்பினார், உட்கார்ந்தார். இரவு ரயில் எங்கே என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்டேன். மன்னம்பிட்டிக்கும் வராமல் நிற்கிறதாம். யானையா என்றேன். என்ஜின் என்று தொடங்கிய குரல், பிறகு யானை என்று திருத்திக்கொண்டது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. இரவு ரயில் கடைசியில் வந்து, நிற்காமல், புகையும் நித்திரை முகங்களுமாக எங்களைக் கடந்தது. பாதை திறந்துவிட்டது. அப்போது புறப்பட்டிருந்தால், நின்று நின்று போகும் ரயில் பஸ் பத்தரைக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்திருக்கும். ரோசலின் அக்கா மணியை என்னைவிட நன்றாகக் கணக்குப் பார்ப்பவர். ஜன்னலால் கையை நீட்டி, “விடுங்க மாஸ்டர், விடுங்க” என்றார்.

நான் டெப்லட் பெட்டியில் கை வைத்தபோது தொலைபேசி அடித்தது. மருதந்துறையோடு ரயில் பஸ் சேவையை ரத்துச் செய்யும்படி உத்தரவு. அத்தியட்சகர் கண்ணை மூடித் தலையாட்டினார். அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

“வண்டி?” என்றேன்.

“பின்னேரச் சேவைக்கு அங்க வண்டி வேணுமே. அது வேற இலக்கம், வேற கணக்கு. வண்டியைக் காலியா அனுப்பிவிடுங்க.”

“காலியாகப் போற வண்டியில ஆட்கள் இருந்தா என்ன சேர்?”

“ஆட்கள் இருந்தா அது சேவை மாஸ்டர். சேவை எண்டா அயர்ந்திருக்கு.”

“விசேட ரயில் எண்டு அனுப்புவம். விசேட ரயிலுக்கு நேரசூசி இல்ல. நேரசூசி இல்லாதது பிந்தாது.”

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த யோசனையை அவர் உண்மையில் ரசித்தார். பிறகு, விசேட ரயிலுக்கு இரண்டு நாட்களுக்கு முன் தலைமையகத்தின் அனுமதி பெறவேண்டும் என்று துக்கத்தோடு சொன்னார்.

நானாகப் போய்ப் பயணிகளை இறக்கமாட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, வாய் துடைத்து, தானே மேடைக்குப் போனார். அவர் ரயிலுக்கு முகம் காட்டி நின்றதை நான் கண்டது அன்றுதான். பயணிகள் பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். ரோசலின் அக்கா காலை நீட்டியபடியே இருந்தார்.

“அம்மா, இறங்கவேணும். இந்த ரயில் இண்டைக்கு இல்ல.”

“இல்லையா? மறுகா நான் எதுக்குள்ள இரிக்கன்?”

“வண்டி இருக்கு. சேவை இல்ல.”

“வண்டி எங்க போகுது?”

“பொலன்னறுவைக்கு.”

“நல்லம். நானும் அங்கதான்.”

“காலியாப் போகுது அம்மா.”

“நான் ஒராள் இருந்தா நெறஞ்சிருமா ஐயா? நாப்பது கிலோகூட இல்ல. இந்த மனுசன வேணுமெண்டா இறக்கிவிடுங்க.”

எதிர்ச் சீட்டிலிருந்த, சித்தாண்டியில் இறங்க மறந்து வந்துவிட்ட ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். “சிரிக்காத கா, உனக்கும் ரயில் இல்ல” என்றார் அக்கா. அத்தியட்சகரும் புன்னகை செய்தார். அதே புன்னகையோடு, இறங்காமல் வண்டி நகராது, பொலிஸைக் கூப்பிடுவது தனக்கு விருப்பமில்லாத காரியம் என்றார்.

ரோசலின் அக்கா நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்தார். பிறகு பகிடி இல்லாத குரலில், “ஐயா, பத்தரை தாண்டினா என்ர கதிரைய மத்தாளுக்குக் குடுத்திருவாங்க” என்றார்.

“எனக்கு விளங்குது அம்மா” என்றார் அத்தியட்சகர். அவருக்கு விளங்கியது என்றுதான் நானும் நினைக்கிறேன். அதுதான் விஷயம்.

சாரதி குணே அப்போது முன் கதவால் எட்டிப் பார்த்தான். பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்களவன், எங்கள் தமிழைத் தனக்கு வசதியாக வளைத்து வைத்திருந்தான். அத்தியட்சகரைப் பார்த்து உரத்த குரலில் கேட்டான்: “சேர், காலி வண்டின்னாலும் வம்மியடியில மெதுவா தானே போறது? நடக்கிற மாதிரி? ரூல் தானே?”

வம்மியடி என்பது நிலையத்துக்கு வடக்கே, வளைவுக்கு அப்பாலுள்ள ரயில் கடவை. வட்டைக்கு, வயல்வெளிக்கு, போகும் உழவு இயந்திரங்கள் அதைத்தான் கடக்கும். படலை இல்லை, காவலாளி இல்லை. படலை போட்டுத் தரும்படி ஊர்ச்சனம் பல வருடமாக மனுக் கொடுத்தது. பணமில்லை என்று பல வருடமாகப் பதில் வந்தது. அதற்குப் பதிலாக, அந்த இடத்தில் எல்லா ரயிலும் ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஊர வேண்டும் என்று ஒரு கட்டளை இருந்தது.

“ஓம், ஓம். விதியை மீறக்கூடாது” என்றார் அத்தியட்சகர்.

ரோசலின் அக்கா எழும்பினார். தலையணையைத் தானே எடுத்துக் கணவரின் கக்கத்தில் திணித்தார். “இறங்குங்க, இஞ்ச என்ன இருப்பு?” என்று அவரை அதட்டினார். மிச்சப் பயணிகளும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மளமளவென்று இறங்கினார்கள். நிலைய வாசலில் மூன்று ஆட்டோக்கள் நின்றன.

அத்தியட்சகர் என் அறைக்குத் திரும்பி, கருப்பட்டியை ஒரு கடி கடித்தார். “பாத்தீங்களா மாஸ்டர், பொலிஸ் வேணுமா? மென்மையாச் சொன்னா சனம் கேக்கும்.”

நான் அடுத்த நிலையத்துக்கு மணி அடித்தேன். சம்மதம் வந்தது. வில்லையை எடுத்துப் பையில் போடும்போது என் கை வழமையைவிட மெதுவாக வேலை செய்தது. ஆட்டோ மணல் பாதையால் சுற்றி வம்மியடிக்குப் போகவேண்டும். குணேயும் பிறேக்கை இரண்டு தரம் சோதித்தான். வண்டி காலியாகப் புறப்பட்டது. கொடியை நானே காட்டினேன். வளைவில் மறையும்வரை அதன் ஜன்னல்களில் ஒரு தலைகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் அடுத்த நிலைய அதிபர் தொலைபேசியில் வந்தார். “என்ன ஐசே, காலி ஓட்டம் எண்டீர். இஞ்ச சனம் இருந்து இடியப்பம் சாப்பிடுது.”

“என்ர நிலையத்தை விட்டுக் காலியாத்தான் போனது” என்றேன். சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

இடையில் எங்கும் நிற்கவேண்டியிராத காரணத்தால் காலி வண்டி வேகமாகப் போனது. ரோசலின் அக்கா பத்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் கதிரையில் ஏறிவிட்டார். பின்னேரம் திரும்பி வரும்போது ஜன்னலால் எனக்கு ஒரு கட்டு வெற்றிலையை எறிந்தார். நான் வெற்றிலை போடுவதில்லை. அன்று போட்டேன்.

அத்தியட்சகருக்குச் செய்தி போக மூன்று நாள் எடுத்தது. எந்த ரயிலும் இவ்வளவு பிந்தியதில்லை. அவர் என்னோடு கோபிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. தொலைபேசியில், “மனம் அயர்ந்துபோச்சு மாஸ்டர்” என்று மட்டும் சொன்னார். குணேயைப் பாதையிலிருந்து எடுத்து, சரக்குப் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளும் வேலையில் போட்டார்கள். விசாரணையில் அவன் விதியை மீறவில்லை என்று தெரிந்தது. மெதுவாகப் போனான், நிற்கவில்லை. ஓடும் வண்டியில் ஏறியவர்கள் பயணிகள், அவர்களை ஒருவரும் பிடிக்கவில்லை. ஆகவே தண்டனை இல்லாமல் தண்டித்தார்கள். அந்தக் கலையில் எங்கள் மேலிடத்துக்கு நிகர் இல்லை. விகிதத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த ரயில் ஓடவில்லை, ஆகவே பிந்தவில்லை. அந்த வருடம் எங்கள் பகுதிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அதை வாங்கும் விழாவுக்குப் போவதற்கு அத்தியட்சகர் ரயிலை நம்பாமல் திணைக்கள ஜீப்பில் போனார்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு மாதம் கழியுமுன் வம்மியடிக்கு லொறியில் சீமெந்தும் இரும்பும் வந்து இறங்கின. படலை போட்டார்கள். வர்ணம் பூசினார்கள். இரண்டு காவலாளிகளை முறை வைத்து நியமித்தார்கள். பல வருட மனுக்களுக்குப் பலன் கிடைத்தது என்று ஊர்ச்சனம் பொங்கல் வைத்தது. அத்தியட்சகர் வந்து மாலை வாங்கிக்கொண்டார். படலை வந்ததும் வேகக் கட்டுப்பாடு தேவையில்லாமல் போயிற்று. கட்டளையை நீக்கி என் கையிலேயே அறிவித்தல் தந்தார்கள்.

அடுத்த மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ரயில் மறுபடி பிந்தியது. ரயில் பஸ் மருதந்துறையில் மறுபடி ரத்தாகியது. ரோசலின் அக்கா இம்முறை ஒருவரோடும் வாதாடவில்லை. நான் அறையை விட்டு வந்து புது விதியைச் சொல்லுமுன்னே கணவரோடு ஆட்டோவில் ஏறி வம்மியடிக்குப் போய்விட்டார். படலை மூடியிருந்தது. புதுச் சாரதி, புது விதிப்படி, வேகம் குறைக்காமல் போனான்.

அவர்கள் பிரதான வீதிக்கு வந்து பஸ் பிடித்தார்கள். பொலன்னறுவைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. ரோசலின் அக்காவின் கதிரையில் வேறொருவர் இருந்தார்.